கிருஷ்ணகிரியிலிருந்து விமானம் பிடிக்க எத்தனை மணிக்குக் கிளம்புவது?

எங்கள் சொந்தக்காரர்கள் வட்டத்தில் யார் விமான டிக்கெட் எடுத்தாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மத்தியானம் ரெண்டரைக்கு ஃப்ளைட், ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரணும்?" உள்நாட்டு விமானம் என்றால் இரண்டு மணி நேரம் முன்னால் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். பெங்களூருவில் விமான நிலையத்துப் பக்கமாக ஹெப்பாளிலோ எலஹங்காவிலோ குடியிருப்பவருக்கு அது போதும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், தருமபுரி பக்கம் இருப்பவருக்கு அது பாதி பதில்தான். நம் வீட்டு வாசலுக்கும் விமான நிலைய வாசலுக்கும் நடுவில் ஒரு மாநில எல்லை, நாலு சுங்கச்சாவடி, பெங்களூரு என்ற ஊர் முழுவதும் இருக்கிறது.

போனில் சொல்வது அரைகுறையாகத்தான் போய்ச் சேர்கிறது. அதனால் இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதலில் விமான நிலையத்துக்குள் இருக்கும் கணக்கு. உள்நாட்டுப் பயணத்துக்கு நம் நாட்டின் பெரிய விமான நிறுவனங்கள் பெட்டி வாங்கும் கவுண்டரை விமானம் கிளம்ப 60 நிமிடம் இருக்கும்போது மூடிவிடுகின்றன. ஏறும் வாசலான போர்டிங் கேட்டைப் பெரும்பாலும் 25 நிமிடம் இருக்கும்போது மூடுகிறார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் 2.30 என்பது விமானம் நகரும் நேரம். பெட்டி கொடுக்க வேண்டியவருக்கு உண்மையான கடைசி நேரம் 1.30. அதற்கு முன்னால் வாசலில் பாதுகாப்புக்கு நிற்கும் சிஐஎஸ்எஃப் வீரரிடம் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வரிசை, கவுண்டரில் ஒரு வரிசை. அப்புறம் பாதுகாப்புச் சோதனை, கேட் வரை நடை. இரண்டு மணி நேரம் என்ற கணக்கு இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அதில் கை வைக்க வேண்டாம் என்பேன். பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் அந்த நேரம் கூட்டம் இல்லாத நாளில் மிச்சமாகும், பண்டிகை நாளில் சரியாக இருக்கும்.

வீட்டிலிருந்தே இணையத்தில் செய்துகொள்ளும் வெப் செக்கின் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. அதை முடித்து, கையில் ஒரு பை மட்டும் எடுத்துப் போகிறவர் ஒன்றரை மணி நேரம் முன்னால் போனாலும் சமாளிக்கலாம். பெங்களூருவில் 2022 டிசம்பரிலிருந்து டிஜி யாத்ரா இருக்கிறது. முகத்தைக் காட்டி உள்ளே போகும் வழி. வேலைக்காக அடிக்கடி போய்வரும் பிள்ளைகளுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு மூன்று பெட்டியோடு போகிறவர் இதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

சரி, இனி ரோடு. நம் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

2008 மே மாதம் வரை பெங்களூருவின் விமான நிலையம் ஹெச்ஏஎல் பக்கம் இருந்தது. ஓசூர் வழியாக வருகிறவர் நகரத்தின் நம் பக்கத்து விளிம்பைத் தாண்டியதும் போய்ச் சேர்ந்துவிடலாம். தேவனஹள்ளிக்கு மாறிய பிறகு அது ஊரின் வடக்கு எல்லைக்கும் அப்பால் போய்விட்டது. நாம் வருவதோ தெற்கிலிருந்து. பெங்களூருவில் இருக்கும் ஒவ்வொரு நெரிசலையும் கடந்துதான் நமக்கு விமானம். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து அதோடு இன்னொரு 45, 50 கிலோமீட்டர். தூரம் பெரிய விஷயமே கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை உள்ள 50 கிலோமீட்டரை எந்த நேரத்திலும் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். அதற்கு அப்புறம் ஒவ்வொரு கிலோமீட்டரும் நேரத்தைப் பொறுத்துத்தான்.

விடியற்காலை 3 மணிக்கு, ஓசூர் தாண்டி கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டுகிற வண்டி எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி, சில்க் போர்டில் இறங்கி, வெளிவட்டச் சாலையில் மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம், ஹெப்பாள் என்று போய் ஒன்றரை மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்கும். அதே வண்டி காலை 8 மணிக்கு அத்திப்பள்ளியைத் தாண்டினால் சந்தாபுராவில் ஊர்ந்து, பொம்மசந்திராவில் நின்று, சில்க் போர்டில் மறுபடி நின்று, வெளிவட்டச் சாலையில் ஐடி கம்பெனிகளுக்குப் போகிற கூட்டத்தோடு கலந்துவிடும். மூன்று மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. மெட்ரோ வேலைக்காக வெளிவட்டச் சாலையில் பல இடம் குறுகியும் கிடக்கிறது.

என் சித்தப்பா மகன் ஒரு திங்கட்கிழமை 10.30 விமானத்துக்கு விடியற்காலை 5.30க்குக் கிளம்பினான். அஞ்சு மணி நேரம் இருக்கிறது, தாராளம் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஓசூரை 6.30க்குத் தாண்டியபோதும் நிம்மதியாகத்தான் இருந்தான். சில்க் போர்டுக்கு வரும்போது மணி 8. அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். வாசலில் சோதனை முடித்துக் கவுண்டருக்குப் போகும்போது விமானம் கிளம்ப இன்னும் 40 நிமிடம் இருந்தது, கவுண்டர் மூடியிருந்தது. மேலாளரைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான். பெட்டியை ஏற்றும் பட்டியல் போய்விட்டது, முடியாது என்றுவிட்டார்கள். அவன் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால், 4.30க்குக் கிளம்பியிருந்தால், முழு நெரிசலுக்கு முன்பே நகரத்தைத் தாண்டி 8 மணிக்கு விமான நிலையத்தில் நின்றிருப்பான். வீட்டில் விட்ட ஒரு மணி நேரம் ரோட்டில் இரண்டாகி விட்டது.

இதனால்தான் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்ற கேள்வி டிக்கெட் எடுக்கும்போதே பாதி தீர்ந்துவிடுகிறது என்று சொல்கிறேன். நம் ஊரிலிருந்து போகிறவர் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எத்தனை மணி விமானம், அதற்குப் போகும்போது சில்க் போர்டை எத்தனை மணிக்குத் தாண்டுவோம் என்று பார்க்க வேண்டும். காலை 7 மணிக்கு முன்னாலும், 11 மணியிலிருந்து 3 மணி வரையிலும் தாண்டுகிற மாதிரி அமைவது நல்லது. காலை 9.30லிருந்து 12 மணிக்குள் கிளம்பும் விமானமும், இரவு 8லிருந்து 10க்குள் கிளம்பும் விமானமும் நமக்கு ஆகாதவை. இரண்டுக்கும் ரோட்டின் மோசமான நேரத்தில் நகரத்துக்குள் இருப்போம். ஐநூறு ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்தால், அந்த ஐநூறும் மன நிம்மதியும் சேர்ந்து போகும்.

என் கணக்கைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து காரில், பெட்டியோடு: விடியற்காலை 5, 6, 7 மணி விமானம் என்றால் ஐந்து மணி நேரம் முன்னால் கிளம்பினால் போதும். மூன்று மணி நேரம் ரோடு, இரண்டு மணி நேரம் விமான நிலையம். பிற்பகல் 2லிருந்து 5 மணி விமானத்துக்கு ஆறு மணி நேரம். காலை, மாலை நெரிசலில் மாட்டுகிற விமானத்தை வேறு வழியில்லாமல் எடுத்திருந்தால் ஏழு. தருமபுரிக்காரர்கள் எல்லாவற்றிலும் முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இதைப் பார்த்துவிட்டு இவ்வளவு நேரமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்வதை விட, சந்தாபுரா சிக்னலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பெரியவர்களைப் பதைக்க விடுவது ரொம்பக் கொடுமை.

சில நாட்களுக்கு இந்தக் கணக்கும் போதாது. ஞாயிறு மாலையும், பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்புகிற நாளும் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலிருந்தே வரிசை ஆரம்பித்துவிடும். மார்கழி, தை மாதங்களில் சூளகிரி, ஓசூர் பக்கம் விடியற்காலையில் பனி இறங்கினால் லாரிக்குப் பின்னால் மெதுவாகத்தான் போக முடியும். அதே பனி தேவனஹள்ளியிலும் இறங்கி விமானமும் தாமதமாகலாம். ஆனால் விமானம் தாமதம் என்று செல்போனில் செய்தி வந்தால் அதை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். பனி விலகினால் நேரம் மறுபடி மாறும்.

இன்னொன்று நம் எல்லையோரத்துக்கே உரியது. காவிரிப் பிரச்சினையில் கர்நாடகத்தில் பந்த் என்றால் நம் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். 2023 செப்டம்பரில் 26ஆம் தேதி பெங்களூரு பந்த், 29ஆம் தேதி கர்நாடக பந்த் என்று ஒரே வாரத்தில் இரண்டு வந்தன. பந்த் அறிவிப்பு பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே வந்துவிடுகிறது. அப்படி ஒரு நாளில் டிக்கெட் இருந்தால் முந்தின நாள் இரவே அந்தப் பக்கம் போய்விடுவதுதான் ஒரே வழி. வாடகைக் காரில் போகிறவர்கள் டிரைவரிடம் கர்நாடக பர்மிட் சரியாக இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். அத்திப்பள்ளியில் வண்டியை ஓரம் கட்டச் சொன்ன பிறகு கேட்கிற கேள்வி இல்லை அது.

மாற்று ரோடு கேட்பவர்களுக்கு: ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே வழியாக நகரத்துக்குள் நுழையாமலே தேவனஹள்ளிக்குப் போகலாம். ஹொஸ்கோட்டேயிலிருந்து தேவனஹள்ளி வரை துணைநகர வட்டச் சாலை வந்த பிறகு அந்தக் கடைசிப் பகுதி நன்றாகிவிட்டது. பகல் நெரிசலுக்கு இது நல்ல வழி. ஓசூருக்கும் ஹொஸ்கோட்டேக்கும் நடுவில் ரோடு குறுகல், லாரிகள் அதிகம். ராத்திரியில் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். ராத்திரி மெயின் ரோடே காலியாக இருக்கும்போது எதற்கு?

பேருந்தில் போகிறவர்கள் சில்க் போர்டு பக்கம் இறங்கி அங்கிருந்து விமான நிலையப் பேருந்தான வாயு வஜ்ரா பிடிக்கலாம். இப்போது பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது. கையில் சின்னப் பை மட்டும் இருந்தால் பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மாறி மெஜஸ்டிக் போய், வாயு வஜ்ராவில் விமான நிலையம். காலை 8, 9 மணிக்கு இது காரை விட நம்பகமானது. தருமபுரிக்காரர்களுக்கு ரயிலும் இருக்கிறது. கோவையிலிருந்து பெங்களூரு கன்டோன்மென்ட் போகிற வந்தே பாரத், எர்ணாகுளம் இன்டர்சிட்டி இரண்டும் தருமபுரி, ஓசூர் வழியாகத்தான் போகின்றன. மாலை நேர விமானத்துக்கு வந்தே பாரத் நல்ல பொருத்தம். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகருக்கு இன்னும் ரயில் நிலையமே இல்லை என்பது தனி வருத்தம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தருமபுரியில் இருப்பவர்கள் பெங்களூருவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் சேலத்தைப் பார்க்க வேண்டும். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். தருமபுரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018இல் சென்னைக்கு விமானம் ஆரம்பித்து, நடுவில் நின்று போய், 2023 அக்டோபரில் மறுபடி சேவை தொடங்கியது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி என்று போனது. ஊர்களும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஏடிஆர் விமானங்கள், சின்னக் கட்டடம், ஒரே ஒரு வரிசை. அங்கே மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்பதில் பயனே இல்லை. ஒன்றரை மணி நேரம் முன்னால் போனால் தாராளம். ஆனால் 60 நிமிடக் கணக்கு அங்கேயும் அதேதான். ரோட்டில் ஒரே ஒரு பயம் தொப்பூர் கணவாய். அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் எத்தனை நேரம் நிற்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 50 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத் போகிற தருமபுரிக்காரர் ஒருவர் சேலத்தில் விமானம் இருந்தும் தேவனஹள்ளி வரை போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

விமான நிலையத்துக்குள் நேரம் எங்கே கரைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்குச் சில இடங்களில் கூடுதலாகக் கரைகிறது, எல்லாம் வீட்டிலேயே தடுக்கக் கூடியவை.

முதலாவது பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. டிக்கெட் எடுக்கிற பையன் ஏதாவது போட வேண்டுமே என்று ஒன்றைப் போட்டுவிடுவான். ஆதாரில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் ஒரு மாதிரி இருந்தால் வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பார்கள். ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பிறந்த தேதிக்கான சான்றும் கையில் வேண்டும்.

அடுத்தது எந்த டெர்மினல் என்பது. பெங்களூருவில் இரண்டாவது டெர்மினல் 2022 நவம்பரில் திறக்கப்பட்டு, 2023 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. உள்நாட்டு விமானம் இரண்டிலிருந்தும் கிளம்புகிறது. டிக்கெட்டில் டி1, டி2 என்று போட்டிருக்கும். அதை டிரைவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தவறான வாசலில் இறங்கி மூன்று பெட்டியோடு மறுபடி அலைந்தால் கால் மணி நேரம் போய்விடும்.

பெட்டியின் எடை அடுத்தது. உள்நாட்டில் சாதாரண டிக்கெட்டுக்கு 15 கிலோ பெட்டி, கையில் 7 கிலோ. வைகாசி, ஆனி வந்தால் நம் ஊரிலிருந்து மாம்பழம் இல்லாமல் யார் கிளம்புகிறார்கள்? டெல்லியில் இருக்கும் மகளுக்கு ஒரு அட்டைப் பெட்டி நிறைய மாம்பழம் கட்டாயம் போகும், போகவும் வேண்டும். ஆனால் வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். கவுண்டருக்கு முன்னால் பெட்டியைப் பிரித்து, மாம்பழத்தை எடுத்துக் கைப்பையில் திணிக்கிற காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள் போகட்டும். பவர் பேங்க் அதற்கு நேர் எதிர், கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வைத்தால் கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்வார்கள். தேங்காய்க் கொப்பரையையும் தீப்பெட்டியையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அத்தையும் மாமாவும் காசிக்குப் போனபோது கூடவே இருந்தேன். வாழ்க்கையில் முதல் விமானம். மாமாவுக்கு முட்டி வலி. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "நடக்கத் தெரியாதவங்கன்னு நினைச்சுக்குவாங்களே கண்ணு" என்றார். அங்கே போன பிறகு கேட் வரை உள்ள தூரத்தைப் பார்த்துவிட்டு அவரே, "நல்ல வேளை கேட்டே" என்றார். சக்கர நாற்காலியைத் தள்ளுகிற ஆள் வரக் கொஞ்சம் நேரம் ஆகும், வந்த பிறகு வேகமாகக் கூட்டிப் போய்விடுவார்கள். இதற்குத் தனியாக அரை மணி நேரம் கூட்டிக்கொள்வேன். ஓசூர் தாண்டி ஒரு இடத்தில் கழிவறைக்கு நிறுத்துவதற்கும், சர்க்கரை மாத்திரைக்கு முன்னால் இரண்டு இட்லி சாப்பிடுவதற்கும் இன்னொரு அரை மணி நேரம். இதை வெட்டி அவசரப்படுத்தினால் முதல் விமானப் பயணம் அவர்களுக்கு பயமாகவே மனசில் நின்றுவிடும்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகும் ஒருவர் கண்ணைத் திரையில் வைத்திருக்க வேண்டும். பேருந்து நிலையம் மாதிரி மைக்கில் கூப்பிடுவார்கள் என்று பெரியவர்கள் காத்திருப்பார்கள். சென்னை, மும்பை போன்ற பல விமான நிலையங்களில் இப்போது ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் அழைப்பதில்லை. கேட் எண்ணும் கடைசியில் மாறலாம். இரண்டு மணி நேரம் முன்னால் வந்தும், காபி குடித்துக்கொண்டே கேட்டைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. காலை 6 மணி விமானத்துக்கு முந்தின நாள் மாலையே கொண்டு போய் விட்டுவிடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. பிள்ளைகளுக்கு ராத்திரி வண்டி ஓட்ட பயம், அது நியாயம்தான். ஆனால் 70 வயதுக்காரர்களை ராத்திரி முழுக்க இரும்பு நாற்காலியில் உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பெட்டியை அவ்வளவு முன்னால் வாங்க மாட்டார்கள், அதைக் காவல் காத்துக்கொண்டு தூங்கவும் முடியாது. ராத்திரி 12, 1 மணிக்குப் பழக்கமான டிரைவரோடு அனுப்புங்கள். இல்லை என்றால் ஓசூரிலோ பெங்களூருவிலோ சொந்தக்காரர் வீட்டில் தூங்கிவிட்டு எழுந்து போகட்டும்.

ஓசூரிலேயே விமான நிலையம் வந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அந்த ஆசைதான். 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார், 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவுக்கு என்று. பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் புதிய விமான நிலையம் 2033 வரை வரக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அது தளர்ந்தாலும், நிலம் எடுத்துக் கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை நமக்கு அத்திப்பள்ளிதான்.

எல்லாம் பார்த்துக் கிளம்பியும் ரோட்டில் மாட்டிக்கொண்டால், முடிவை எலக்ட்ரானிக் சிட்டியிலேயே எடுத்துவிடுங்கள். அங்கே இருக்கும்போது விமானத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவாக இருந்து, நேரமும் நெரிசல் நேரமாக இருந்தால், கவுண்டருக்குப் போய்ச் சேர்வது சந்தேகம். அடுத்த விமானத்துக்கு மாற்ற முடியுமா என்று உடனே ஆப்பில் பாருங்கள். கிளம்பச் சில மணி நேரம் முன்பு வரைதான் மாற்ற விடுவார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபடும். காத்திருந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். விமானமே போய்விட்டது என்றாலும் டிக்கெட் பணம் முழுவதும் போகாது. அதில் இருக்கும் அரசு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும், பயணம் செய்யாதவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். என் சித்தப்பா மகன் கேட்டான், இரண்டு வாரத்தில் கணக்கில் வந்தது.